பொம்மை யாருக்கு விழுந்தது?

இப்போதெல்லாம் எல்லோருக்கும் ரொட்டி வேண்டும், பொம்மை வேண்டாம்.

மூவரசர் திருநாளுக்கு வட்டமாகச் சுட்ட இனிப்பு ரொட்டியை வாங்கி வருகிறார்கள். மேஜையில் வைத்து போட்டோ எடுக்கிறார்கள். அப்புறம் கத்தி முனையால் ரொட்டியைக் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள், உள்ளே வைத்துச் சுட்ட பொம்மை எந்தப் பக்கம் இருக்கிறதென்று. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வெட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் வாயில் தட்டுப்பட்டால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி காபி குடிக்கிறார்கள். கட்டைவிரல் நுனி அளவு பொம்மைதானே. போன வருடம் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி விழுங்கியே விட்டாள். உயிர் போனாலும் போகட்டும், நாலு பேருக்குச் சோள மாவுத் தமாலே அவித்துப் போட மாட்டேன் என்கிற வைராக்கியம்.

பேக்கரிக்காரர்களும் ஆளுக்குத் தகுந்தாற்போல் மாறிவிட்டார்கள். ஒரே ரொட்டிக்குள் எட்டுப் பொம்மை, பத்துப் பொம்மை வைக்கிறார்கள். எல்லோருக்கும் விழுந்தால் யாருக்கும் விழாத மாதிரிதான். ஆளுக்கு ஒரு டஜன் தமாலே கடையில் வாங்கி வந்து மேஜையில் தள்ளிவிட்டுப் போய்விடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு ரொட்டி, ஒரு பொம்மை. பேக்கரிக்காரன் நபோரிடம் வருடா வருடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். பொம்மை யாருக்கு விழுகிறதோ அவர்தான் அந்த வருடம் எங்கள் வீட்டுக் குழந்தை இயேசுவுக்கு ஞானப்பெற்றோர். புது உடுப்பு தைக்க வேண்டும். பிப்ரவரி இரண்டு, காணிக்கைத் திருநாளன்று, குடிலில் படுத்திருக்கும் சுரூபத்தைத் தன் கையால் தூக்க வேண்டும். கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வர வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் தமாலே போட வேண்டும். பொம்மை விழுந்தவர் தூக்காமல் குடிலைக் கலைக்கக் கூடாது.

இந்த வருடம் மூவரசர் திருநாளான ஜனவரி ஆறாம் தேதி எங்கள் வீட்டில் ரொட்டி தீர்ந்தது, பொம்மை வரவில்லை. தட்டில் கிடந்த துணுக்கையெல்லாம் விரலால் நசுக்கிப் பார்த்தேன். நபோரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் அடுப்பின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தான்.

அன்றைக்கு மேஜையில் நாலே பேர். நான், எபிஃபானியோ, எழுபத்தாறு வயது, மூவரசர் திருநாளில் பிறந்ததால் அந்தத் திருநாள் பெயரையே எனக்கு வைத்தார்கள். என் மகன் எரிபெர்த்தோ. அவன் மனைவி ஒதிலியா. அப்புறம் கிரெஸென்சியோ. அவன் என் மகனுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் எனக்குக் கொம்பாத்ரே. கிரெஸென்சியோவுக்குப் பல்லே கிடையாது, சாக்லேட் பாலில் ஊற வைத்துத்தான் ரொட்டி தின்பான், அவனால் எதையும் ஒளிக்க முடியாது. என் மகன் என்னிடம் ஒளிக்க மாட்டான். மிச்சம் யார்?

இருபத்தேழு நாள் நான் ஒதிலியாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பைக்கூட எட்டி நானே எடுத்துக்கொண்டேன்.

அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றவாளி என்பதற்கு அதைவிடச் சாட்சி எதற்கு என்று இருந்தேன்.

*

காணிக்கைத் திருநாள் இந்த வருடம் திங்கட்கிழமை வந்தது. நான் எழுந்து வந்தபோது அடுப்படி முழுக்க ஆவி. ஜன்னலில் வெளியே பனி, உள்ளே தண்ணீர் வழிகிறது. பழம் அடுக்கும் கொட்டகையில் லீவு சொல்லிவிட்டு ஒதிலியா பெரிய பானையை ஏற்றியிருந்தாள். நாட்டின் எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் சொந்த மாநிலமான மிச்சோவாகானில் தமாலே முக்கோணமாக இருக்கும். சோள மாவைக் கதிரின் காய்ந்த தோலில் சுற்ற மாட்டோம், சோளச் செடியின் நீளப் பச்சை இலையில் மடிப்போம். இந்தக் குளிருக்குப் பச்சை இலை எங்கே கிடைக்கும்? ஆகஸ்டிலேயே பறித்துக் கட்டுக் கட்டாக ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பார்த்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொம்மை யாருக்கும் விழலைன்னா, இது யார் போடுற தமாலே?"

"நான் போடறேன் மாமா. வேண்டாம்னு சாமி சொல்லுமா?"

"சாமி சொல்லாது. நான் சொல்லுவேன்."

"நீங்க சொல்றதுக்குத் திருநாள் வரணுமா என்ன" என்று சொல்லிவிட்டு அவள் மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது. ஆவி என்று நினைத்தேன்.

மகன் எங்கே என்று கேட்டேன். ஆறு மணிக்கே கவாத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். ஆப்பிள் தோட்டங்களில் கிளை வெட்டும் காலம் இது. அவன் ஒரு கூட்டத்துக்கு மேஸ்திரி. அதற்கு முன் நாற்பது வருடம் நான் வெட்டினேன். அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

கூடத்துக்குப் போனேன். குடிலில் குழந்தை இயேசு போன வருடத்து உடுப்போடு படுத்திருந்தது. போன வருடம் பொம்மை கிரெஸென்சியோவுக்கு விழுந்தது. அவன் செய்த வேலை, சாமிக்குப் பச்சை நிறத்தில் பந்து விளையாட்டுச் சட்டை, முதுகில் பத்தாம் நம்பர். அதற்காக அவனோடு ஈஸ்டர் வரை பேசாமல் இருந்தேன். புது உடுப்பு இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளைத் துணியாவது சுற்றலாமே என்று தோன்றியது. செத்துப்போன என் பெண்டாட்டி தோமித்திலாவின் தையல் பெட்டி பின்பக்க அறையில் இருந்தது. அதைத் தேடிப் போனேன்.

பின்பக்க அறையில், கதவுக்குப் பின்னால் ஆணியில், என் மகனின் வேலைக் கோட்டு தொங்கியது. அதன் பக்கத்தில் அவனுடைய கவாத்துக் கத்தரி.

கத்தரி இல்லாமல் கவாத்துக்குப் போகிறவன் உண்டா?

கத்தரியை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தீட்டி, எண்ணெய் போட்டு, துணி சுற்றி மாட்டியிருந்தான். நாளைக்கு எடுக்கப் போகிறவன் எண்ணெய் போடுவான், துணி சுற்ற மாட்டான். பருவம் முடிந்தால்தான் சுற்றி வைப்போம்.

கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். தீட்டுக்கல் ஒன்று. அதன் அடியில், மடித்த காகிதக் கைக்குட்டை, கிரீடப் படம் போட்டது, மூவரசர் நாளில் மேஜையில் வைத்தது. பிரித்தேன். பொம்மை.

அவனுக்குத்தான் விழுந்திருக்கிறது. மென்று தின்றுகொண்டே என் எதிரில் உட்கார்ந்து, நான் துணுக்கை நசுக்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

இருபத்தேழு நாள் அந்தப் பெண்ணிடம் நான் காட்டிய முகம் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் பிசைந்த மாவின் மேல் பொம்மையை வைத்தேன்.

"உன் புருஷன் கஞ்சன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றேன்.

ஒதிலியா பொம்மையைப் பார்த்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"அவருக்குத்தான் விழுந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். வாயில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். சொல்லாதீங்கன்னு நான்தான் கண்ணைக் காட்டினேன்."

"எதுக்கு?"

"லெட்டர் மூணாம் தேதியே வந்திருச்சு மாமா. வழக்கமா ஜூன்லதானே கூப்பிடுவாங்க. இந்தத் தடவை பிப்ரவரி ரெண்டு, காலைல ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

என் மகனுக்குக் குடியிருக்கும் காகிதம் கிடையாது. பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை நகரத்துக் குடியேற்ற ஆபீசுக்குப் போய், இங்கேதான் இருக்கிறேன், ஓடவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். அன்றைக்குச் சாயங்காலம் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வருவான். இந்த வருடம் அந்த ஆபீசுக்குள் போனவர்கள் சிலர் வெளியே வரவில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஒதிலியா சொன்னாள், "பொம்மை விழுந்தவர் ரெண்டாம் தேதி வீட்டுல இருந்து தூக்கணும். இருப்பேன்னு சாமி முன்னால ஒத்துக்கிட்டு, இல்லாமப் போயிட்டா? பொய் சொன்ன மாதிரி ஆயிடும்னார். அதான் பையில போட்டுக்கிட்டார்."

கஞ்சத்தனத்துக்காக ஒளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்குக் கொடுக்கப் பயந்து ஒளித்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். அவனும் என் மகன்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போகாதேம்பீங்க."

"ஆமா. சொல்லுவேன்."

"போகலைன்னா தேடி வீட்டுக்கே வருவாங்க மாமா. போனா நல்ல பேராச்சும் மிஞ்சும்னார்."

அந்த நல்ல பெயரை எந்தப் பாத்திரத்தில் போட்டு அவிப்பது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வண்டியை எடு என்றேன். கடிகாரத்தில் ஒன்பதே கால்.

அவள் அடுப்பை அணைத்தாள். பானையைக் கம்பளியில் சுற்றி வேனின் பின்னால் வைத்தாள். எதற்கு என்றேன். வெளியே வந்தால் பசிக்கும் என்றாள். நான் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குழந்தை இயேசு குடிலிலேயே கிடந்தது. நான் தூக்கக் கூடாது.

*

நகரத்துக்கு நாற்பது நிமிஷம். சாலை நெடுக மொட்டை மரங்கள், மூன்று கால் ஏணிகள், ஏணிக்கு மேல் ஆட்கள். என் மகனின் கூட்டம் வேலை செய்யும் தோட்டத்தைத் தாண்டும்போது ஒதிலியா வேகத்தைக் கூட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். எல்லா ஏணியிலும் ஆள் இருந்தது. அவன் இடத்துக்கு வேறொருவனை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஆபீஸ் ஒரு கிடங்கு மாதிரி. தெருப் பக்கம் ஜன்னல் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் இருபது பேர் போல நின்றிருந்தார்கள், குளிரில் கால் மாற்றிக் கால் மாற்றி. அவர்களுக்கு நடுவில், தன் பழைய லாரிக்குள், தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு கிரெஸென்சியோ.

ஆக, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நான் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"யோவ் கொம்பாத்ரே, என்னைத் திட்டாதே. நான் டிரைவர் மட்டும்தான்" என்றான்.

"அவனுக்கு வண்டி இல்லையா?"

கிரெஸென்சியோ ஸ்டியரிங்கைத் தடவினான். "வண்டியைக் கொண்டு வந்தா அப்புறம் யார் திருப்பி எடுத்துட்டுப் போறதுன்னு கேட்டான். ஏறுடான்னேன்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் வந்தார்கள். வந்தவர்கள் யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்து வண்டி ஏறிப் போனார்கள், திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பது போல.

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டுக்கு எங்கள் கோவிலில் மந்திரிப்புப் பூசை. ஒவ்வொரு வீட்டுக் குழந்தை இயேசுவும் புது உடுப்போடு மடியில் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுடையது பத்தாம் நம்பர் சட்டையில் வைக்கோல் மேல் கிடக்கும். தோமித்திலா அதை மிச்சோவாகானிலிருந்து சால்வையில் சுற்றிக் கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அவள் செத்த வருடம்கூட.

தோமித்திலா ஞாபகம் வந்தால் கூடவே அந்தப் பேனா ஞாபகம் வரும். நான் யாரிடமும் சொல்வதில்லை. இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஏப்ரல். எனக்குக் காகிதம் இருந்தது, காகிதமில்லாதவர்களுக்கென்று வந்த பழைய மன்னிப்புச் சட்டத்தில் கிடைத்தது. பையன் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த மாதம் முடிவதற்குள் தகப்பன் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் மகனுக்கு வழி உண்டு என்றார்கள். ஊரே வரிசையில் நின்றது. கிரெஸென்சியோ தன் மகளுக்கு நின்றான். தோமித்திலா மனுவை வாங்கி வந்து மேஜையில் வைத்து, பேனாவை என் சட்டைப் பையில் சொருகினாள்.

நான் போடவில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். மனு இங்கிலீஷில் இருந்தது. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்தவர் என் அப்பா. மகனின் பெயர், விலாசம், எந்த வழியாக வந்தான், எல்லாவற்றையும் நாமே எழுதிக் கொடுப்பது எப்படிப்பட்ட புத்தி என்று கத்தினேன். அந்தப் பேனாவை மறுநாள் ஆப்பிள் பெட்டிகளுக்கு நம்பர் போட எடுத்துக்கொண்டு போனேன். மை தீரும் வரை எழுதினேன்.

கிரெஸென்சியோவின் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அவன் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கு லாரிக்குள் உட்கார்ந்திருந்தபோது, ஏதாவது சொல்லித் தொலையேன் என்று எனக்கே இருந்தது. அவன் சொன்னதெல்லாம் குளிருகிறது, கண்ணாடியை ஏற்று என்பதுதான்.

*

ஒரு மணிக்குப் பிறகு, மகனுக்காக உள்ளே போயிருந்த வக்கீல் பெண் வெளியே வந்தாள். அரசேலி என்று பெயர். அவள் அப்பனும் நானும் ஒரே மரத்துக்கு இரண்டு பக்கம் ஏணி போட்டவர்கள். அவள் கையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு பெல்ட், ஒரு பர்ஸ், சீப்பு, போன், இரண்டு ஷூ லேஸ்.

அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஒதிலியா கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். பைக்கு வெளியிலிருந்தே லேஸைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அரசேலி சொன்னதை அப்படியே சொல்கிறேன். உள்ளே வைத்துக்கொண்டார்கள். இவள் போய்ச் சேர்வதற்குள் வேறு கதவு வழியாகக் கூட்டிப்போய்விட்டார்கள். மூன்று நிமிஷம்தான் பார்க்க விட்டார்கள். சாயங்காலம் கடற்கரைப் பக்கத்து ஊரில் இருக்கும் காவல் முகாமுக்கு ஏற்றுவார்கள். சில நாளில் நீதிபதி முன் நிறுத்துவார்கள், அதற்குள் மனுப் போட வேண்டும். தகப்பன் சட்டப்படி குடியிருப்பவர், வயதானவர், இவனை நம்பி இருப்பவர் என்று ஒரு தாள். அதில் என் கையெழுத்து வேண்டும்.

தாளை நீட்டினாள். பேனாவையும்.

ஒதிலியாவைப் படிக்கச் சொன்னேன். லாரியின் முகப்பில் தாளை விரித்து அவள் வரி வரியாகப் படித்துச் சொன்னாள். நான் போட்டேன். எழுத்துக் கோணலாக, கோட்டுக்கு வெளியே இறங்கிப் போயிற்று. என் பெயர் நீளம். அரசேலி பொறுமையாக நின்றாள்.

போட்டுவிட்டு அவளைக் கேட்டேன்.

"இதையே அந்த ஏப்ரல்ல போட்டிருந்தா?"

அவள் ஒதிலியாவைப் பார்த்தாள்.

"அவளை ஏன் பார்க்கிறே? கேட்டது நான்."

"அப்பப் போட்டிருந்தா இன்னைக்கு அவர் இங்க வந்திருக்கவே வேண்டாம் ஐயா" என்றாள் அரசேலி. பொய் சொல்லாத பெண். அப்பனைப் போல.

கிரெஸென்சியோ என் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன்.

மகன் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். அரசேலி தயங்கினாள். பிறகு ஒதிலியாவிடம் திரும்பி, "உங்களுக்குத்தான் சொன்னார்" என்றாள். "பொம்மை கோட்டுப் பையில இருக்காம். அப்பா கண்ணுல படறதுக்குள்ள எடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னார். தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார்னு."

என் சட்டைப் பையில் அது நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அந்த மூன்று நிமிஷத்தில் அவனுக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

அரசேலி கிளம்பவில்லை. இன்னும் ஏதோ இருந்தது. நாற்பது வருடம் மேஸ்திரிகளின் முகத்தைப் பார்த்தவன், எனக்குத் தெரியாதா? மிச்சத்தையும் சொல்லிவிட்டுப் போ என்றேன்.

"நான் போறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கார் ஐயா. என்ன தாள்னு அவருக்குச் சொல்லத் தெரியலை. அவசரமா நீட்டினாங்களாம். அனேகமா இந்தச் சாமான்களுக்கு ரசீதா இருக்கும். நாளைக்குக் காட்டறேன்னு சொல்லியிருக்காங்க."

"வேற என்னவா இருக்கும்?" ஒதிலியா கேட்டாள்.

"நானே விருப்பப்பட்டு நாட்டை விட்டுப் போறேன்னு ஒரு தாள் உண்டு. அது இதுன்னு நான் சொல்லலை. ரசீதாத்தான் இருக்கும்."

அரசேலி போய்விட்டாள்.

*

ஒதிலியா என்ன செய்தாள் தெரியுமா? வேனின் பின்கதவைத் திறந்தாள். கம்பளியைப் பிரித்தாள். பானை மூடியை எடுத்தாள். ஆவி எழும்பி அந்த நிறுத்துமிடம் முழுக்கச் சோள வாசனை. குளிரில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

என்ன பைத்தியக்காரத்தனம் என்று போய்க் கேட்டேன். இது திருநாளா, சாவு வீடா?

"ரெண்டாம் தேதி மாமா. பொம்மை விழுந்தவர் வீட்டுல தமாலே போட்டாகணும்" என்றாள்.

காகிதத் தட்டுக்கூட இல்லை. இலையோடு கையில் கொடுத்தாள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி வாங்கினாள். சேறு படிந்த பூட்ஸோடு அண்ணன் தம்பி இரண்டு பேர் வாங்கினார்கள். எங்கள் ஆட்களுக்குத் தமாலேயைக் கையில் வாங்கியதும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கிழவர் கேட்டே விட்டார், பொம்மை யாருக்கு விழுந்தது என்று.

"என் வீட்டுக்காரருக்கு. எரிபெர்த்தோ" என்றாள் ஒதிலியா. உள்ளே கேட்க வேண்டும் என்பது போல உரக்கச் சொன்னாள்.

அவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அங்கே நின்றவர்கள் கேட்பார்களா? நல்லா இருந்ததென்று அவர்கிட்டச் சொல்லுங்க என்றார் கிழவர். அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அழுதாள், கை நிற்காமல், தமாலே எடுத்துக் கொடுத்துக்கொண்டே.

கிரெஸென்சியோ ஒன்றை ஈறால் மசித்துத் தின்றுகொண்டு என்னிடம் வந்தான். கன்னம் ஈரமாக இருந்தது.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றான். பிறகு, "அது ரசீதுதான்யா. அந்தப் பொண்ணே சொன்னாளே."

"அவளுக்கே தெரியலை."

"நீ எதைத்தான் நம்பியிருக்கே?"

அவன் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அது போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. நான் சந்தேகப்பட்டு ஒரு கையெழுத்துப் போடவில்லை, அதனால் என் மகன் உள்ளே இருக்கிறான். என் மகன் யாரையும் சந்தேகப்படாதவன், நீட்டிய தாளில் போட்டுவிட்டான், அதனால் என்ன ஆகப்போகிறதோ. இரண்டில் எது புத்தி என்று எனக்குச் சொல்ல யாராவது இருக்கிறார்களா?

ஒதிலியா கடைசியில் ஒரு தமாலேயை இலையோடு எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். அடுத்த வருஷம் அவரே போடுவார், சாப்பிடுங்க மாமா என்றாள். இருபத்தேழு நாள் நான் செய்ததற்கு ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் வாங்கவில்லை. பொம்மை விழுந்தவன் கையால் எடுத்துக் கொடுக்காத தமாலேயை நான் தின்றதில்லை. குடிலையும் யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். ஜூன் ஆனாலும் சரி, அடுத்த கிறிஸ்துமஸ் வந்தாலும் சரி, அவன் வந்து தூக்கும் வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

"எங்க போறீங்க? குளிருது மாமா."

வேலியோரமாகத் தெருவைப் பார்த்து நடந்தேன். பின்னால் கிரெஸென்சியோ யாரிடமோ சொல்வது கேட்டது, ரசீதுதான், ரசீதுதான் என்று.

ஒரு பெல்ட், ஒரு பர்ஸ், ஒரு சீப்பு, ஒரு போன், இரண்டு லேஸ். இதற்கு ஒரு ரசீது. இருக்கலாம். நான் நம்பவில்லை. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நடந்தேன்.